குன்றில் இருக்கச் சொன்னவர்

அவருடைய வலது கையை வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றரை வருஷம் பிடித்திருந்தேன். கனமான கை. வாதம் வந்து விழுந்த கைகள் எல்லாமே கனமாகத்தான் இருக்கும். இருபது வருஷமாக பிசியோ வேலை பார்க்கிறவளுக்கு அது புதிதில்லை. ஆனால் மற்ற நோயாளிகள் இது எப்போது சரியாகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஐயா, ஒரு தடவ விரல மடக்குங்க. சும்மா ட்ரை பண்ணுங்க."

"மடக்கினால் என்ன ஆகும்?"

"கரண்டி பிடிக்கலாம்லா."

"இடது கையால் பிடிக்கிறேனே. இது இப்படியே இருக்கட்டும்."

மர்லோவா என்ற சின்னத் தீவு நாட்டுக்கு இரண்டு தவணை அதிபராக இருந்தவர். பதவி போன பிறகு, சிகிச்சைக்கு என்று சொல்லி இங்கே ஜொகூருக்கு வந்து, பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மூலைவீட்டில் தங்கிவிட்டார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. சமைத்துப்போட்டுக் கூடவே இருந்த ஜாவாக்காரப் பெண் யாத்தி, துவான் என்பாள். சனிக்கிழமைகளில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வரும் மகள், அப்பா என்பார். நான் ஐயா என்றேன்.

வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர், வெளிநாட்டுக்காரர், ஆனால் தமிழ் பேசுவார் என்று மட்டும் சொல்லியிருந்தார். யாரோ சிலோன் பக்கத்து ரிட்டையர்ட் ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு போனேன். சக்கர நாற்காலியில் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "வணக்கத்துக்குரிய அம்மையாரே, தங்கள் வருகையால் இந்த இல்லம் பெருமை அடைகிறது" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அவர் தாயார் தமிழ்ப்பெண். ஆனாலும் வீட்டில் தீவின் மொழிதான். முப்பத்தைந்து வயதில் முதல்முதலாகத் தேர்தலில் நின்றபோது, கரும்புத் தோட்டத் தமிழர்களின் ஓட்டுக்காக ஒரு பள்ளி வாத்தியாரை வைத்துத் தமிழ் படித்திருக்கிறார். அதனால் அவரிடம் இருந்தது மேடைத் தமிழ் மட்டும்தான். இறையாண்மை தெரியும், வாழ்வாதாரம் தெரியும். தொடையில் சுளுக்கு என்பதற்குச் சொல் தெரியாது. "இவ்விடத்தில் ஒரு கிளர்ச்சி நடக்கிறது" என்பார், தொடையைக் காட்டி.

வீட்டுக்குள் எதையும் இடம் மாற்ற விடமாட்டார். ஹாலில் வெயில் பட்டு வெளுத்துப்போன திரைச்சீலைகள் தொங்கின. முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனவை. மகள் ஒரு சனிக்கிழமை துணிக்குப் பேர்போன தங்காக்வரை காரில் போய், நல்ல துணியாகப் பார்த்து வாங்கித் தைக்கக் கொடுத்துக் கொண்டுவந்தார். அவர் தடவிப் பார்த்தார். நல்ல துணி என்றார். பிறகு, "அது அங்கேயே தொங்கட்டும், இது இங்கேயே இருக்கட்டும்" என்றார். புதுத் திரைச்சீலை பிளாஸ்டிக் பையோடு நாற்காலிமேல் கிடந்தது. அடுத்த வாரம் நான் அதை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். யாத்தி பின்னாலேயே வந்து தடுத்தாள்.

"ஜாங்கான், காக். துவான் தாக் மாவு."

பையைத் தொடக்கூடாதாம், துவானுக்குப் பிடிக்காதாம். வந்து ஒரு வாரம் ஆன அந்தப் பைக்குக்கூட அதற்குள் ஓர் இடம் ஏற்பட்டுவிட்டிருந்தது.

எனக்கு அது ஒத்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு நான்கு மாதம் முன்னால் என் கணவர் இறந்திருந்தார். காலையில் சிங்கப்பூர் வேலைக்குப் பைக்கில் போனவர், பாலத்தை எட்டுமுன்பே விழுந்தார். அதற்கப்புறம் நான் சாப்பிட்டேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. அண்ணன் ஸ்கூடாயில் தன் வீட்டுக்கே வந்துவிடு, வீட்டை விற்றுவிடு என்றார். அண்ணி வரும்போதெல்லாம் வாசலில் கிடக்கும் என் கணவருடைய சப்பாத்தைப் பார்த்து, இன்னும் எதுக்கு இது என்பார். எல்லோருக்கும் நான் எங்காவது நகர வேண்டியிருந்தது.

ஒரு நாள் இதை ஐயாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. தோளைப் பிடித்துவிடும்போது ஏதாவது பேச வேண்டும், பேசினேன்.

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "அவசரப்படுத்துகிறவர்கள் தங்களுக்காகத்தான் அவசரப்படுத்துகிறார்கள், அம்மையாரே. சப்பாத்து அங்கேயே இருக்கட்டும்."

கணவர் போனதிலிருந்து வேறு யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அன்று முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவருடைய அரசியலை அவர் வரிசையாகச் சொன்னதில்லை. பயிற்சிக்கு நடுவே துண்டு துண்டாக வரும். முதலில் காணிப் பத்திர வழக்கறிஞர். பிறகு மரபுக் கட்சியில் சேர்ந்தார். எதையும் மாற்றாதே என்பதுதான் அந்தக் கட்சியின் மொத்தக் கொள்கை. 'உள்ளது உள்ளபடி' என்ற முழக்கத்தை எழுதியவரே இவர்தான். அப்போது ஆண்டுகொண்டிருந்த கட்சி, கரும்புக் குன்றுகளில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவர்களைக் கீழே இறக்கி, கடலோரத்தில் அடுக்குமாடி கட்டித் தருகிறோம் என்றது. கட்டித் தருவார்கள் என்று ஒருவரும் நம்பவில்லை. குன்றைவிட்டு இறக்கிவிட்டுக் கையை விரித்துவிடுவார்கள் என்றுதான் பயந்தார்கள். இவர் மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு குன்றாக நடந்து ஏறினார். நாலாங்குன்று என்ற இடத்தில் லாரிமேல் ஏறி நின்று தமிழில் பேசினார்.

"நீங்கள் நிற்கும் இடம் உங்களுடையது. இங்கேயே இருங்கள். நான் இருக்கும்வரை உங்களை யாரும் அசைக்க முடியாது."

இதை எனக்குப் பேசிக் காட்டினார். பேசும்போது குரல் இருபது வயது குறைந்துவிட்டது. நான் பார்த்தது வேறு. அவருடைய வலது தோள் தானாக மேலே எழும்பியது. எத்தனையோ வாரம் நான் கெஞ்சியும் எழும்பாத தோள். லாரிமேல் நின்று கையை உயர்த்திய ஞாபகம் உடம்பில் இருந்திருக்க வேண்டும். அன்று முதல் அதையே பயிற்சியாக்கிக்கொண்டேன்.

"ஐயா, நாலாங்குன்று பேச்சு பேசுங்க."

"மறுபடியுமா?"

"இன்னும் அஞ்சு தடவ. கைய நல்லா தூக்கணும்."

பேசுவார். தோள் எழும்பும். யாத்தி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கைதட்டுவாள், ஒன்றும் புரியாமல்.

அந்தப் பேச்சால்தான் ஜெயித்தார். குன்று ஓட்டுகள் மொத்தமும் அவருக்கு விழுந்தன. பதவிக்கு வந்து எதையும் மாற்றவில்லை. ஒரு தெருவின் பெயரைக்கூட மாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்வார். பள்ளிப் புத்தகம் மாறவில்லை, ரயில் நேரம் மாறவில்லை. ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது, இரண்டாம் முறையும் போட்டார்கள். அவருக்கு முன்னால் ஆண்டவர்கள் சிறையில் போட்டிருந்த சிலரையும் அவர் அப்படியே வைத்திருந்தார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"அவர்களை நான் உள்ளே போடவில்லையே" என்றார், ரொம்ப நேர்மையாக.

பெண்கள் பெயரில் காணி எழுதலாம் என்ற சட்டத்தை நான்கு முறை கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். இதைச் சொன்னவர் மகள். வங்கியில் பெரிய வேலையில் இருந்தார். ஒரு சனிக்கிழமை கார் போர்ட்டிகோவில் நின்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அங்கே தலைநகரத்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறதாம், தான் பிறந்து வளர்ந்த வீடு. அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்குப் பின்னால் அது தூரத்துச் சித்தப்பா மகனுக்குத்தான் போகுமாம்.

"நான் கேட்டேன். எனக்காகவாவது போடக் கூடாதா என்று கேட்டேன். எனக்காகப் போட்டால் அது ஊழல் என்றார்." அவர் சிரித்தார். பிறகு அப்பாவுக்கு வாங்கிவந்த மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு சனிக்கிழமைகூட அவர் வராமல் இருந்ததில்லை.

பதவி எப்படிப் போனது என்று மட்டும் ஐயா சொல்லவில்லை. "ஒரு மழைக்காலம் சரியில்லை" என்றார் ஒரு முறை, அவ்வளவுதான். போனில் தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்த வருஷம் நான் எதையும் தேடிப் பார்க்கவில்லை.

பரமேன் வந்த பிறகுதான் தெரிந்தது.

காலை வேளைகளில் நான் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் இருப்பேன். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் ஆள், தோள் பிடித்துக்கொண்டது என்று அங்கே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழ் பேசினார், ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை. எந்த ஊர் என்றேன். மர்லோவா என்றார். பரமன் என்ற பெயர்தான் அங்கே பரமேன் ஆகியிருந்தது.

"அங்கேர்ந்து எனக்கு ஒரு பேஷண்ட் இருக்காரு. பெரிய ஆளு" என்றேன்.

சொல்லக் கூடாது. என் வேலையில் அதுதான் முதல் பாடம். சொன்னேன்.

அவர் கேட்கக்கூட இல்லை, முகத்திலேயே யார் என்று புரிந்துகொண்டது தெரிந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு தடவை வந்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது தடவை, கட்டிலில் குப்புறப் படுத்தபடி, முகம் தெரியாமல் சொன்னார்.

"மிஸ், நான் நாலாங்குன்று."

என் கை அவர் தோளில் இருந்தது. எடுக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே சுருக்கிச் சொல்கிறேன். நாலாங்குன்றில் நிலம் வெடிக்க ஆரம்பித்திருந்தது. அரசாங்க இஞ்சினியர் வந்து பார்த்து, ஜனங்களை உடனே கீழே இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சிலர் பயந்துபோய் மூட்டை கட்டினார்கள். அதிபர் ரேடியோவில் பேசினார். இங்கேயே இருங்கள் என்றார். கட்டிய மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த மழையில் ஒரு விடியற்காலை குன்றின் மேல்பாதி கீழ்ப்பாதிமேல் இறங்கியது. பரமேன் அப்போது கப்பலில் வேலையாக இருந்தார். அம்மா, தங்கை, தங்கை பிள்ளைகள் இருவர். யாரும் கிடைக்கவில்லை. மண்ணைத் தோண்டாமல் அப்படியே மூடிவிட்டார்கள்.

அடுத்த தேர்தலில் மரபுக் கட்சி தோற்றது. புதிதாக வந்தவர்கள் செத்தவர்களுக்கு ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தால், அவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். குன்றுக்காரர்கள் யாரிடமும் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவர்கள் அனுமதி இல்லாமல் குடியிருந்தவர்கள். அனுமதி இல்லாமல் இருந்தவர்களுக்கு அரசாங்கம் பொறுப்பில்லை. செத்தவர்கள் பட்டியல் என்று ஒன்றைக்கூட அவர்கள் போடவில்லை.

"இருக்கச் சொன்னது அவருதான். பேப்பர்ல ஒண்ணும் குடுக்கல. வாயால சொன்னது. ரேடியோ டேப்பும் அழிஞ்சு போச்சுன்றாங்க. இப்ப ஒரு விசாரணை வச்சிருக்காங்க, சும்மா கண்துடைப்பு. அவரு வாயால, ஆமா நான்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த வேணும். அப்பத்தான் நாங்க திருட்டுக்குடி இல்லன்னு ஆகும்."

"அவரு சொல்ல மாட்டாரு" என்றேன். "சொன்னா மாட்டிக்குவாரே."

"கேட்டுப் பாக்குறேன்."

"அடிக்க மாட்டீங்களே?"

"கையவே தூக்க முடியலியே, மிஸ்" என்றார்.

ஒரு புதன்கிழமை என் காரிலேயே கூட்டிப்போனேன். மகள் வராத நாள். சரி தப்பு என்று நான் யோசித்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. வழியில் பெட்ரோல் போட்டேன். டயருக்குக் காற்று அடித்தேன். பரமேன் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக் கலையாமல்.

ஐயா ஹாலில் இருந்தார். "ஐயா, உங்க நாட்டுக்காரர். உங்களப் பாக்கணும்னாரு" என்றேன். உட்காரச் சொன்னார். யாத்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எந்த மாவட்டம்?"

"நாலாங்குன்று."

"எந்த வரிசை?"

"கீழ் வரிசை. கோயிலுக்குப் பக்கத்துல."

ஐயா தலையை ஆட்டினார். அந்த வீடுகளை அவருக்குத் தெரிந்திருந்தது. கோயிலுக்கு ஓடு போட்டுக் கொடுத்தது யார் என்பதுவரை சொன்னார். பரமேன் கப்பைத் தொடவில்லை.

"நீங்க எங்கள அங்க இருக்கச் சொன்னீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"சொன்னேன்."

"இப்ப கவுர்மெண்டு எங்கள திருட்டுக்குடின்னு எழுதி வச்சிருக்கு. அனுமதி இல்லாம இருந்தோமாம். எங்கம்மா அனுமதி இல்லாம செத்தாங்களாம்."

ஒன்றரை வருஷத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"யார் சொன்னது அனுமதி இல்லை என்று? நாட்டின் அதிபர் சொன்ன சொல் அனுமதி இல்லையா? நீங்கள் என் சொல்லின்மேல் குடியிருந்தவர்கள். அதை மாற்றுவதற்கு இவர்கள் யார்?"

பரமேன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல பேசுங்க. நம்ம மொழியில ஒரு தடவ. தமிழ்ல ஒரு தடவ."

"ஐயா, யோசிச்சுப் பேசுங்க. உங்களுக்குத்தான் பிரச்சினையாகும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாத்தியைக் கூப்பிட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார்.

பேசினார். தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார். நாலாங்குன்று மக்களை அங்கேயே இருக்கச் சொன்னது தான்தான் என்றார். எழுதித் தராதது அவர்கள் குற்றம் அல்ல, அதிபரின் வாய்ச்சொல்லுக்கு மேல் ஒரு காகிதம் தேவை என்று தான் நினைக்கவில்லை என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பரமேன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவர் தொடர்ந்தார்.

"பொறியாளரின் அறிக்கை எனக்கு வந்தது. படித்தேன். மண் இறங்கக்கூடும் என்று எழுதியிருந்தது. நான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அறிக்கைக்காக வாக்கை மாற்றவில்லை. இன்றைக்கு அந்த நாள் திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்."

அவருடைய வலது தோள் எழும்பியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பரமேன் போனை நிறுத்தவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பது போல இருந்தார். வெளியே ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கடைசியில் அவரே கேட்டார்.

"வேற ஒண்ணும் சொல்லணும்னு இல்லியா?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனே."

"சரி" என்றார் பரமேன். போனைப் பையில் போட்டுக்கொண்டார். குடிக்காத தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல்கட்டுத் தொட்டியில் ஊற்றி, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

காரில் திரும்பும்போது பாசிர் கூடாங் ரோட்டில் ஏறியதும் சொன்னார், "மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு நெனச்சேன், மிஸ். சொல்லியிருந்தா, குடுத்த அனுமதியே தப்புன்னு விசாரணையில எழுதிருவாங்க. அழுதுருந்தா, கெழவனுக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு தள்ளிருவாங்க. இப்ப தள்ள முடியாது."

அன்று வீட்டுக்குப் போனபோது சப்பாத்து வாசலில் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனேன்.

மறுபடி வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். ஐயா வழக்கம்போல இருந்தார். நான் நாலாங்குன்றுப் பேச்சைப் பேசச் சொல்லவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கையை நானே தூக்கி நானே இறக்கினேன்.

இரண்டு வாரத்தில் அந்தப் பதிவு மர்லோவா செய்திகளில் வந்துவிட்டது. மகள் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. நான் போனபோது ஹாலில் நின்றுகொண்டிருந்தார். யாத்தி மூலையில் அழுதுகொண்டிருந்தாள். யார் அந்த ஆளைக் கூட்டிவந்தது என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாராம். யாத்தி சொல்லவில்லை. ஐயாவும் சொல்லவில்லை.

"நான்தான்" என்றேன்.

மகள் சத்தம் போடவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார், "அவரை அங்கே அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. இந்தக் கையோடு அவரைக் கூண்டில் ஏற்றுவார்கள். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துமா?"

அவர் வாசலைக் காட்டினார். ஐயா நாற்காலியிலிருந்து, "அம்மையாருக்கு என் நன்றி" என்றார், எப்போதும் நான் கிளம்பும்போது சொல்வது போல. எதற்கு நன்றி என்று எனக்குப் புரியவில்லை. சப்பாத்தைப் பற்றி அன்று சொன்ன வார்த்தைக்காக நானும் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் யாத்தி போனில் சொன்னது. மகள் வக்கீல் பிடித்தார். வேறு ஒரு நாட்டில் தங்க ஏற்பாடு செய்தார், டிக்கெட்வரை எடுத்தார். ஐயா மறுத்துவிட்டார். ஓடினால் சொன்னது பொய்யாகிவிடும் என்றாராம். மூன்று மாதம் கழித்து இரண்டாவது தடவை வாதம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்க வந்தபோது, இருந்த ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர்கள் விரல்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது.

தகன மேடைக்குப் போனேன், பின்னால் நின்றேன். பத்துப் பேர்கூட இல்லை. அவர் நாட்டிலிருந்து யாரும் வரவில்லை. மகள் என்னைப் பார்த்தார். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் பக்கத்தில் வந்து, "அவருக்கு வலித்திருக்குமா?" என்று கேட்டார். நோயாளிகளின் வீட்டார் கேட்பது போலத்தான் கேட்டார். இரண்டாவது வாதத்தில் அவ்வளவாகத் தெரியாது என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் கிளினிக்கில் இருக்கும்போது பரமேன் வெளிநாட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டார். விசாரணையின் கடைசி நாளுக்காக லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். பின்னால் கூட்டச் சத்தம் கேட்டது.

"ஏத்துக்கிட்டாங்க, மிஸ். நாங்க அனுமதியோட இருந்தவங்கதான்னு எழுதிட்டாங்க. பேரெல்லாம் வாசிச்சாங்க. அம்மா பேரு வந்துச்சு. தங்கச்சி பேரு, புள்ளைங்க பேரு."

"நல்லது."

"அதுக்கு முன்னாடி அவரு பேசுனத ஸ்பீக்கர்ல போட்டாங்க. மைதானத்துல பந்தல் போட்டு, குன்றுல மிஞ்சுனவங்க எல்லாரும் வந்திருந்தாங்க. அவர் பேர எடுத்தாலே காறித் துப்புறவங்க. தமிழ்ப் பேச்சு வந்துச்சா, அந்தக் கொரல் வந்துச்சா, வயசானவங்க ரெண்டு மூணு பேரு எந்திரிச்சாங்க. அப்பறம் எல்லாருமே எந்திரிச்சாங்க. அந்தக் காலத்துல அவரு பேசுனா நின்னுக்கிட்டுத்தான் கேப்பாங்க. யாரும் யாரையும் பாக்கல. பொறியாளர் அறிக்கை வந்துச்சு, படிச்சேன்னு சொல்றாரு, அப்பவும் நின்னுக்கிட்டே இருந்தாங்க."

பின்னால் கூட்டச் சத்தம் கூடியது.

"நீங்க?" என்றேன்.

"நானும்தான் நின்னேன், மிஸ்" என்றார் பரமேன். "உக்காரணும்னு தோணவே இல்ல."